பெயருக்கு முன்னால் ஒரு சொல்

சேசு மரி சூசை துணை
சூசையப்பர்பட்டி, தேவாரம் வழி
22 ஜனவரி 1937

அன்புள்ள இன்னாசியம்மாள் அக்காவுக்குப் பாக்கியம் எழுதிக்கொண்டது.

செபஸ்தியார் திருநாளுக்கு உன் மடத்திலிருந்து வந்த மலையாளத்து சிஸ்டர் என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசினார்.

அந்த சிஸ்டர் அடுத்த வீட்டுச் சங்கிலியம்மாள் சின்னம்மாவிடம் பருத்தி எடுப்பைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்ததும் என் பக்கம் திரும்பினார். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "பாக்கியம். நீ. சாப்பிட்டாயா?" என்றார். பிறகு, "அடுப்பு. நீயே. பற்ற வைப்பாயா? தீ சுடும். தெரியுமா?" என்றார்.

அக்கா, அம்மா செத்த நாளிலிருந்து மூன்று வருஷமாக இந்த அடுப்பை நான்தானே பற்ற வைக்கிறேன்? அதைச் சொல்லியிருக்கலாம். புது ஆட்கள் முன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது உனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் கன்னத்தைத் தட்டி ஒரு செபஸ்தியார் படம் கொடுத்தார். பிறகு தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அதே படத்தைக் கொடுத்துக்கொண்டு போனார்.

இருக்கட்டும். நீ எழுதிய பாடத்தைப் படித்தேன். பெயருக்கு முன்னால் நின்று அதன் குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு அட்ஜெக்டிவ் என்று பேர். இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டாம், தமிழ் எழுத்திலேயே எழுது, முதலில் காது பழகட்டும் என்று நீ சொன்னபடி எழுதியிருக்கிறேன். ரெட் ஸாயில். டீப் வெல். லேம் கோட். கடைசியில் சொன்னது சின்னம்மா வீட்டு நொண்டி ஆடு.

ஒரு ஆடானாலும் லேம், பத்து ஆடானாலும் லேம்தான், கிடாயானாலும் பெட்டையானாலும் அந்தச் சொல் மாறாது என்றாய். நம் தமிழிலும் அப்படித்தானே இருக்கிறது? அதனால் சுலபமாக வந்தது. ஆனால் தமிழில் நல்லவள் என்று ஒரே சொல்லில் ஆளையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இங்கிலீஷில் குட் என்று மட்டும் சொன்னால் அது அந்தரத்தில் நிற்கிறது. கேர்ள் என்றோ உமன் என்றோ பக்கத்தில் யாராவது வர வேண்டியிருக்கிறது. நான் புரிந்துகொண்டது சரியா?

அப்பாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. வாதம் வந்தபின் தங்கிப்போன ஒரே சொல் உன் பெயர்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் இன்னாசி, வெளியே போக வேண்டுமென்றாலும் இன்னாசி, என்னைக் கூப்பிடுவதும் இன்னாசி. நானும் பழகிவிட்டேன்.

ஜூன் மாதம் உன் மடத்துப் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று எழுது. போர்வை இருக்கிறது.

உன் தங்கை
பாக்கியம்


சேசு மரி சூசை துணை
கன்னியர் மடம், மதுரை
30 ஜனவரி 1937

அன்புள்ள தங்கச்சி பாக்கியத்துக்கு அக்காவின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. மதர் வழக்கம்போல் உறையைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவர் ஐரிஷ்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மடத்தின் ஒழுங்கு அது.

சிஸ்டர் மலையாளத்துக்காரர். தமிழ் அவருக்குத் தடுமாறும். அதனால் மெதுவாகப் பேசியிருப்பார். இதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன்னைத் தேடி வந்து பேசியதே பெரிய காரியம் அல்லவா?

பாடத்துக்கு வருகிறேன். நீ எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஏ, தி என்ற சொற்களை விட்டுவிட்டாய். அவை அட்ஜெக்டிவுக்கும் முன்னால் போய் நிற்கும். ஏ டீப் வெல். தி லேம் கோட். நீ கேட்டதும் சரிதான். இங்கிலீஷ் அட்ஜெக்டிவ் தனியாக நிற்காது, சாய்ந்துகொள்ள ஒரு பெயர் வேண்டும்.

அதற்கு இன்னொரு இடமும் உண்டு. பெயர் முன்னால் வந்து, இஸ் என்ற சொல் நடுவில் நின்று, அட்ஜெக்டிவ் கடைசியில் வரும். தி வெல் இஸ் டீப். தமிழில் கிணறு ஆழம் என்றால் போதும். இங்கிலீஷில் இஸ் இல்லாமல் சொன்னால் வாக்கியம் முடியவில்லை என்பார்கள். இரண்டு விதமாகவும் எழுதிப் பழகு.

மே மாதம் எனக்கு வார்த்தைப்பாடு. இந்த வெள்ளை முக்காடு போய்க் கறுப்பு முக்காடு வரும். அதற்குப் பிறகு நான் முழுக்கச் சர்வேசுரனுக்குச் சொந்தம். எனக்காக வேண்டிக்கொள். ஜூன் மாதத்தைப் பற்றி இப்போதே யோசிக்காதே.

உன் அக்கா
இன்னாசியம்மாள்


சூசையப்பர்பட்டி
5 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ் தடுமாறுகிறவர் எல்லாரிடமும் அல்லவா தடுமாற வேண்டும்? சங்கிலியம்மாள் சின்னம்மாவை வாய் திறக்கவே விடவில்லையே அவர். சின்னம்மா அவர் போனபிறகு, "ஆத்தாடி, அந்த அம்மா வாயில மிசினு வச்சுருக்காக" என்று சொன்னார். சரி, நீ குழப்பிக்கொள்ளாதே என்று சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

ஊரில் புளி உலுக்குகிறார்கள். பகல் முழுக்கச் சின்னம்மா வீட்டில் புளி தட்டுகிறேன். கையெல்லாம் கறுப்பு. கோது உடைத்துக்கொண்டே வாக்கியம் யோசிப்பேன், வீட்டுக்கு வந்து எழுதுவேன். தி டாமரிண்ட் இஸ் ஸவர். மை ஹேண்ட்ஸ் ஆர் பிளாக்.

ஒன்று கவனித்தேன். ஏ சிக் மேன் என்று எழுதினேன். பிறகு தி மேன் இஸ் சிக் என்று எழுதினேன். முன்னால் வைத்தால் நோய் அவருடைய பேரோடு ஒட்டிப் போகிறது, பிறந்ததிலிருந்தே அப்படி என்பது போல இருக்கிறது. பின்னால் வைத்தால் இன்றைக்கு நோய், நாளைக்குச் சரியாகலாம் என்று படுகிறது. அதனால் அப்பாவுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டேன். இது தப்பென்றால் திருத்து.

நீ விட்டுவிட்டுப் போன சேலையை நான்தான் கட்டுகிறேன். அதற்கு மூன்று சொல் வைத்துப் பார்த்தேன். ஏ ரெட் ஓல்ட் குட் ஸாரி. இன்னொன்று. ஏ அலோன் கேர்ள் இஸ் இன் தி ஹவுஸ்.

அத்தை கம்பத்திலிருந்து எப்போது வருவார்? நான் மடத்துக்கு வந்துவிட்டால் அப்பாவை அத்தை பார்த்துக்கொள்வார், பேசி வைத்துவிட்டேன் என்று போன வருஷம் சொன்னாய். ஜூன் வரை காத்திராமல் பாஸ்குத் திருநாள் முடிந்ததும் அவர் வந்துவிட்டால் நல்லது. அப்பாவுக்குச் சட்டை போடும்போது வராத கையைத்தான் முதலில் விட வேண்டும், வருகிற கை தானாக வந்துவிடும். கஞ்சியை இடது கடைவாயில் ஊற்ற வேண்டும். இதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தால்தான் அத்தைக்குப் பிடிபடும்.

பாக்கியம்


கன்னியர் மடம், மதுரை
17 பிப்ரவரி 1937

அன்புள்ள பாக்கியத்துக்கு,

தவசுக்காலம் தொடங்கிவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஏ அலோன் கேர்ள் என்று எழுதக்கூடாது. சில அட்ஜெக்டிவ்கள் பெயருக்கு முன்னால் வரவே வராது. அலோன் அப்படிப்பட்டது. தி கேர்ள் இஸ் அலோன் என்று மட்டும்தான் சொல்லலாம்.

சேலைக்கு ஏ குட் ஓல்ட் ரெட் ஸாரி என்று வர வேண்டும். ஏன் அந்த வரிசை என்று மதரைக் கேட்டேன். விதியெல்லாம் தெரியாது, மாற்றிச் சொன்னால் காது ஒத்துக்கொள்ளாது என்று சிரித்தார். எனக்குத் தெரிந்தவரை, பேசுகிறவருடைய எண்ணம் முதலில் வரும். கண்ணால் காண்கிற அளவும், பழசு புதுசு என்பதும், நிறமும் அதற்குப் பிறகு வரும்.

ஒப்பிடுவதற்கு மூன்று படி. ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கர், ஸ்ட்ராங்கெஸ்ட். தமிழில் ஒருத்தியை விட ஒருத்தி பலசாலி என்போம், பலசாலி என்ற சொல் அப்படியே இருக்கும். இங்கிலீஷில் அந்தச் சொல்லே வால் முளைத்து நீளும். இரண்டு பேரை ஒப்பிட்டால் அர், மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் எஸ்ட். நீளமான சொல்லாக இருந்தால் வால் வைக்காமல் முன்னால் மோர், மோஸ்ட் என்று போடுவார்கள். சில சொற்கள் இதற்கெல்லாம் அடங்காது. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்.

அத்தைக்கு முழங்கால் வலி என்று கேள்வி. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நீயே ஒன்றும் எழுதிவிடாதே.

இன்னாசியம்மாள்


சூசையப்பர்பட்டி
6 மார்ச் 1937

அக்காவுக்கு,

இதைச் சங்கிலியம்மாள் சின்னம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மகன் வேலை பார்க்கும் மதுரை மில்லுக்குப் போகிறார். வழியில் உன்னைப் பார்த்துவிட்டு வருவார். பதிலை அவரிடமே கொடு.

நேற்றுப் புளி தட்டும்போது பவுனு மதினி என்னைக் கேலி செய்தாள். நான் முணுமுணுவென்று ஸவர், ஸவரர், ஸவரெஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏலே, பாக்கியத்துக்குப் பேய் புடிச்சுருச்சு, இங்கிலீசுப் பேயி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அந்த மடத்து அம்மா கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தப் புள்ளையப் போயி புத்தி மட்டுன்னு சொல்லிட்டுப் போனாகளே" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொல்ல வேண்டியதாகிவிட்டது. திருநாளன்று நான் உள்ளே காப்பி போடும்போது சிஸ்டர் அவரிடம் கேட்டாராம், புத்தி குறைந்த பிள்ளை எப்படி வீட்டைச் சமாளிக்கிறது என்று. சின்னம்மாவுக்குக் கோபம் வந்து, எவன் சொன்னது என்று கேட்டாராம். "அவ அக்காதேன் எங்க மதர்கிட்டச் சொல்லியிருக்காகன்னு சொன்னாக ஆத்தா. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?" என்றார்.

அங்கே புளி தட்டிக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டார். நீ அப்போது கதவுக்குப் பின்னால் நின்றாய். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று உனக்கு மறந்திருக்காது.

தமிழ் எழுத்திலேயே எழுது என்று நீ சொன்னது என் காது பழகுவதற்காகவா? மதர் உறையைப் பிரித்துப் பார்க்கிறவர். இங்கிலீஷ் மட்டும்தான் வாசிக்கத் தெரிந்தவர். நான் இங்கிலீஷ் எழுதுவது அவர் கண்ணில் படக்கூடாது. அப்படித்தானே?

நீ சொன்னாயா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும்.

பாக்கியம்


மதுரை
9 மார்ச் 1937

பாக்கியம்,

சின்னம்மா, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பார்லர் பெஞ்சில் காத்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டு வந்த முறுக்கைக்கூட என் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டார்.

ஆம். சொன்னேன்.

அத்தை போன ஜூலையிலேயே வரமாட்டேன் என்று எழுதிவிட்டார். "என் வீட்டுச் சனத்தப் பாப்பேனா, படுத்துக் கிடக்கிற தம்பியப் பாப்பேனா" என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடிதம் வந்த மறுநாள் மதர் என்னைக் கூப்பிட்டார். உன் தங்கைக்கு அடுத்த ஜூனில் இடம் இருக்கிறது, விடுதியும் இலவசம், கூட்டி வா என்றார். நான் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன். எழுந்திருக்கும்போது கேட்டார், அவள் வந்துவிட்டால் தகப்பனாரைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று.

எங்கள் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஆதரவில்லாத தாய் தகப்பன் வீட்டில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வார்த்தைப்பாடு கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது அவளுடைய கடமை என்பார்கள். எனக்கு முன்னால் ஒருத்தி அப்படிப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதே பார்லர் வழியாகத்தான் போனாள். நாங்கள் யாரும் அவளைப் பார்த்துக் கை அசைக்கக்கூட விடவில்லை.

மதர் பதிலுக்காக நின்றார். நான் இங்கிலீஷில் சொன்னேன். மை சிஸ்டர் இஸ் ஸ்லோ, மதர். அவளுக்குப் படிப்பு ஏறாது, வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள், அப்பாவை விட்டு வரமாட்டாள் என்றேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. பிறகு திருப்பி வாங்க முடியவில்லை. உனக்கு ஜூன் என்று சொல்லி வைத்ததையும் வாங்க முடியவில்லை. பாடம் அனுப்பினேன். அதையாவது உனக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், மன்னிப்பும் கிடைத்தது. இன்னும் தூக்கம் வரவில்லை.

இப்போது இன்னொன்று. பாஸ்கு முடிந்ததும் பங்குச் சாமியார் நம் வீட்டுக்கு வருவார். வீட்டில் அப்பாவைப் பார்க்கத் தகுந்த ஆள் இருக்கிறதா என்று நேரில் பார்த்து மதருக்கு எழுத வேண்டும். அப்படிப்பட்ட பெண்ணிடம் நோயாளியை எப்படித் தனியாக விடுவது என்று அந்த சிஸ்டர் நம் ஊரிலிருந்து திரும்பி வந்து மதரிடம் கேட்டிருக்கிறார். நான் சொன்ன சொல் சுற்றி வந்து என் கழுத்தில் விழுந்திருக்கிறது.

நீ அவரிடம் பேசு, பாக்கியம். கூச்சத்தை ஒரு நாள் விட்டுவிடு. நான் பார்த்துக்கொள்வேன் என்று வாய் திறந்து சொன்னால் போதும். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னாசி


சூசையப்பர்பட்டி
22 மார்ச் 1937

அக்காவுக்கு,

நேற்றுக் குருத்து ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. அப்பாவைத் தனியாக விட்டுப் போக முடியாது என்பதை நீயே மதருக்குச் சொல்லியிருக்கிறாயே.

பேசுகிறவருடைய எண்ணம் முதலில் வரும், கண்ணால் காண்பது பிறகு வரும் என்று எழுதினாய். சேலைக்கு எழுதினாய் என்று நினைத்திருந்தேன். அந்த சிஸ்டர் நம் வாசலுக்கு வருமுன்பே உன் சொல் வந்து என் முன்னால் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு நான் போட்ட காப்பியையும், கூட்டி வைத்த வாசலையும், அப்பாவுக்குச் சவரம் செய்து விட்டிருந்ததையும் அவர் பார்க்கவில்லை. பார்த்தாலும், பாவம் பிள்ளை, பரவாயில்லையே என்றுதான் நினைத்திருப்பார்.

நீ வீட்டில் சொல்லியிருக்கலாம். பாக்கியம், நீ வந்தால் நான் திரும்பி வர வேண்டியிருக்கும், எனக்காக இருந்துவிடு என்று கேட்டிருக்கலாம். நான் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறேன்? உன் படிப்புக்காக ஆறாம் வகுப்பில் நின்றேன். உன் சேலையைக் கட்டுகிறேன். அப்பா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்தான் போய் நிற்கிறேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்தாய். எடுத்ததோடு விடாமல் ஜூன் மாதத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாய். நான் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

இப்போது சாமியார் வரும் ஒரு நாளைக்கு மட்டும் நான் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். அவர் போனபிறகு மறுபடி மந்தமாகிவிட வேண்டும்.

மதருக்கு நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இங்கிலீஷ் எழுத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்து, நாலு வரி எழுதினேன். ஐ ஆம் நாட் ஸ்லோ என்று தொடங்கினேன். அதற்குள் அப்பா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். மதர் நம்பி என்னை வரச் சொன்னால் மட்டும் நான் போய்விட முடியுமா? தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இரண்டு பேர் என்றால் எஸ்ட் கிடையாது, அர் மட்டும்தான் என்றாய். நம் வீட்டில் நாம் இரண்டு பேர். வொர்ஸ் யார் என்று நீயே பார்த்துக்கொள்.

பாக்கியம்


சேசு மரி சூசை துணை
கன்னியர் மடம், மதுரை
1 ஏப்ரல் 1937

அன்புள்ள பாக்கியத்துக்குப் பாஸ்குத் திருநாள் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. சாமியார் அடுத்த வாரம் வருகிறார். நீ பேசாமல் நின்றால் எல்லாம் போய்விடும். எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். மூன்று வாக்கியம் அனுப்புகிறேன். மனப்பாடம் செய்.

ஐ ஆம் ஸ்ட்ராங், ஃபாதர்.
ஐ ஆம் குவிக், ஃபாதர்.
ஐ ஆம் ஏபிள் டு டேக் கேர் ஆஃப் ஹிம்.

முதல் இரண்டில் அட்ஜெக்டிவோடு வாக்கியம் முடிந்துவிடும். ஏபிள் அப்படி முடியாது. என்ன செய்ய முடியும் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம் நிறையும். அவர் வெள்ளைக்காரர். உன் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் வாக்கியம் கேட்டால் போதும், அவர் மதருக்கு எழுதும் விதமே மாறிவிடும். நான் சொன்னது பொய் என்று தெரிந்தால் மதர் என்னை என்ன செய்தாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

வார்த்தைப்பாடு முடிந்ததும் உனக்கு ஏதாவது வழி பார்க்கிறேன். சத்தியமாகப் பார்க்கிறேன்.

இங்கே வந்தபிறகுதான் பாக்கியம், காலையில் எழும்போது எனக்கு நெஞ்சில் பாரம் இல்லாமல் இருந்தது. அதை மட்டும் என்னிடமிருந்து பறித்துவிடாதே.

இன்னாசியம்மாள்


சூசையப்பர்பட்டி
10 ஏப்ரல் 1937

அக்காவுக்கு,

சாமியார் நேற்று வந்தார். தேவாரத்திலிருந்து சைக்கிளில் வந்தார், பின்னாலேயே உபதேசியார் ஓடி வந்தார். சின்னம்மா பருத்தி எடுக்கப் போயிருந்தார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

காலையிலேயே அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். வீட்டைச் சாணி போட்டு மெழுகியிருந்தேன். உனக்காகச் செய்யவில்லை. எப்போதும் செய்வதுதான்.

உன் மூன்று வாக்கியமும் எனக்கு வந்தன. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்தேன். தப்பில்லாமல் வந்தன.

சாமியார் முக்காலியில் உட்கார்ந்தார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ், ஆனால் வேகமாகப் பேசுவார். "மகளே, உன் தமக்கை துறவு வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கிறாள். தகப்பனாரை நீ ஒருத்தியாகப் பராமரிக்க இயலுமா?" என்று கேட்டார்.

நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் கேட்டார். உபதேசியார் பதறினார். "ஏத்தா, சாமி கேக்குறாகள்ல? வாயத் தொறந்து சொல்லு. பாப்பேன்னு சொல்லு தாயி" என்றார். சாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

கூச்சத்தால் நான் பேசவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நேற்று எனக்குக் கூச்சம் இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. ஐ ஆம் ஸ்ட்ராங் என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். அவரும் மெதுவாகப் பேசத் தொடங்கும்வரை காத்திருந்தேன்.

தொடங்கினார். முகத்தை என் பக்கம் குனிந்து, வாயை அகலமாகத் திறந்து, "உனக்கு. நான் சொல்வது. புரிகிறதா?" என்றார்.

அந்த மலையாளத்து சிஸ்டரிடம் ஆட்டியது போலத் தலையை ஆட்டினேன். அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் அப்படியே ஆட்டினேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி ஆட்டினேன்.

அப்பாவுக்குத் தாகம் எடுத்திருக்கும். இடது கையை என் பக்கம் நீட்டி உன் பெயரைச் சொன்னார். சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். "பெரிய மகளைத் தேடுகிறார்" என்றார். அப்பா என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று உபதேசியாருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டு, "ஆமா சாமி" என்றார்.

சாமியார் எழுந்து அப்பாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார். என் நெற்றியிலும் வரைந்தார். வாசலில் சைக்கிளை எடுக்கும்போது, இன்னாசியம்மாள் வர வேண்டியதுதான், வேறு வழியில்லை, இன்றைக்கே மதருக்கு எழுதுகிறேன் என்று உபதேசியாரிடம் சொன்னார். அதைச் சாதாரண வேகத்தில்தான் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்.

இனி எனக்கு மடத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ சொன்னதை நானே மெய்யாக்கிக் கையெழுத்துப் போட்டது போலத்தான். சின்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பரண்மேல் ஏறி, நீ மடத்துக்குப் போகும்போது கவிழ்த்து வைத்துவிட்டுப் போன உன் வெண்கல வட்டிலை இறக்கினேன். அடியில் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, என் வட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பாக்கியம்